மருந்துமேட்டுக் காவல்

மருந்துமேட்டில் தீ பற்றாது. ஆற்றின் அந்தக் கரையில் பற்றும், இந்தக் கரையில் பற்றாது. குச்சியை எத்தனை தரம் உரசினாலும் இளித்துக்கொண்டு நிற்கும். பீடி குடிப்பவர்கள் தரைப்பாலத்தைத் தாண்டிப் போய்க் குடித்துவிட்டு வருவார்கள். கணியம்பாடியிலிருந்து வரும் பைக்குகள் பாலத்தின் இந்த முனையில் அணைந்துவிடும், அப்புறம் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். சமையல் ரொம்பக் காலம் அக்கரையில் நடந்தது. கரண்ட் அடுப்பு வந்த பிறகுதான் பெண்களுக்கு அந்த நடை மிச்சமானது. கோயிலில் மாதா முன்னால் மெழுகுவத்திக்குப் பதில் சீரியல் பல்பு எரிந்தது. வயிறு எரிவதற்கு மட்டும் இக்கரையில் தடை இருந்ததில்லை.

எல்லாம் மருந்து கம்பெனியால் வந்தது. ஜெர்மன் சண்டைக்கு வெடிமருந்து அரைக்க வெள்ளைக்காரர்கள் ஆற்றங்கரையில் ஓர் ஆலை போட்டார்கள். அதற்கான கரி ஜவ்வாது மலையிலிருந்து தலைச்சுமையாக இறங்கியது. ஒரு நாள் எவனோ இடுப்பில் மறந்து வைத்திருந்த தீப்பெட்டியால் ஓர் அறை பறந்தது. உள்ளே இருந்தவர்கள் கரியோடு கரியானார்கள். மறுநாள் துரை கரைமேல் நின்று, இன்று முதல் தீ இந்தப் பக்கம் வரக் கூடாது என்று உத்தரவு போட்டார். ஆட்களுக்குத்தான் போட்டார். ஆனால் தீயும் அதைக் கேட்டுக்கொண்டது. சண்டை முடிந்து துரை கப்பல் ஏறினார், ஆலை இடிந்து அதில் ஆடு மேய்ந்தது. பிறகு வந்த பெரிய அதிகாரிகள் பலரும் அதே இடத்தில் நின்று உத்தரவை ரத்து செய்து பார்த்தார்கள். தீ ஒருவரையும் மதிக்கவில்லை.

கம்பெனி போனாலும் பட்டாளம் ஊரை விடவில்லை. வீட்டுக்கு ஒருவராவது மிலிட்டரிக்குப் போனார்கள். இறந்து வருகிறவர்களுக்கு அக்கரையில் துப்பாக்கி மரியாதை முடித்து, பிறகு இக்கரைக்குத் தூக்கி வருவது வழக்கம். பிலோமினாளின் கணவர் ஏசுராஜுக்கும் அப்படித்தான் நடந்தது. அன்று அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற மகன் பெல்வின், "அப்பாவுக்கு நம்ம வூட்டாண்ட ஏம்மா வெடிக்கல?" என்று கேட்டான். நம் கரையில் வெடிக்காது என்றாள். "நான் பெரிசாயி வெடிக்க வெக்கிறேன்" என்றான். சொன்னபடி பெரியவனாகி அவனும் பட்டாளத்துக்குப் போனான்.

போன வருஷம் ஐப்பசியில் அவன் பெட்டியில் வந்தான். எல்லையில் காவல் நின்றபோது பனி சரிந்து மூடிவிட்டதாம். பிலோமினாளுக்கு அழுகை வரவில்லை. யாரோ பளாரென்று அறைந்துவிட்டுப் போன மாதிரி காதுக்குள் ஒரே இரைச்சல். மகன் சத்தமில்லாமல் மண்ணுக்குள் போய்விடக் கூடாது, அது ஒன்றுதான் அவள் மனதில் இருந்தது. கூட வந்த கேப்டன் வெளியூர்க்காரர். ஊர் வழக்கத்தைக் கேட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மரியாதை கல்லறையில்தான் என்று பெட்டியைப் பாலம் தாண்டச் சொன்னார். பிலோமினாள் தடுத்திருக்கலாம். மகன் கேட்ட கேள்வி ஞாபகம் வந்ததால் வாயைத் திறக்கவில்லை. பெட்டி இக்கரை சேர்ந்த கொஞ்ச நேரத்தில் மலைமேல் கொட்டிய மழை செந்தண்ணீராக இறங்கிப் பாலத்தை மூடிவிட்டது.

இவனுக்கு நித்திய இளைப்பாற்றி அருளும் என்று ஃபாதர் ஜெபித்தார். சிப்பாய்கள் துப்பாக்கிகளை வானத்துக்கு உயர்த்தினார்கள். கேப்டன் உத்தரவிட்டார். சொடக்குப் போடுகிற சத்தம்கூட வரவில்லை. மறுபடியும் உத்தரவிட்டார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. வாய் மூடிக்கொண்டிருந்த பிலோமினாளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. பக்கத்தில் நின்ற ரிட்டயர்டு சுபேதார் லட்சுமணனிடம் திரும்பினாள்.

"அண்ணா, காவல் நிக்கிறவன் எப்பதான் எடத்த வுட்டுப் போவான்?"

"மாத்து ஆள் வந்தாத்தாம்மா. உத்தரவு போட்டவரு செத்தாலும் நகர மாட்டான்."

அவள் பெட்டிமேல் கை வைத்து, துரையின் உத்தரவுக்கு அங்கே இன்னும் எவனோ காவல் நிற்பதுபோல் இடிந்த ஆலைப் பக்கம் பார்த்தாள். "எம்புள்ள வந்துட்டான்யா. இனிமே காவல அவன் பாத்துக்குவான். நீ கெளம்பு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. இப்போதுதான் ஃபாதர் கேட்டு வாங்கிய ஓய்வை, பெற்ற தாயே பிடுங்கி, செத்த பிள்ளையை மறுபடி வேலைக்கு நிறுத்திவிட்டாள். திரும்ப வாங்கிக்கொள்ள வாயைத் திறப்பதற்குள் கேப்டனின் கை இறங்கியது. துப்பாக்கிகள் வெடித்தன. அதே நொடியில், இந்தக் கரையில் அத்தனை வருஷமாக உரசி எறிந்த குச்சிகளெல்லாம் மண்ணுக்குள்ளிருந்து பற்றி, ஊர் முழுக்கச் சின்னச் சின்னதாக எரிந்து அணைந்தன. கூட்டத்தில் நின்ற ஜெயம்மாள் செருப்பைத் தூக்கி அடியில் பார்த்துவிட்டுக் காலைத் தள்ளி வைத்தாள். பிலோமினாள் அப்போதுதான் அழுதாள்.

இப்போது மருந்துமேட்டில் வீட்டுக்கு வீடு காஸ் அடுப்பு, பைக் வாசல் வரை வருகிறது. இந்த வருஷம் கல்லறைத் திருநாளில் எல்லாக் கல்லறையிலும் மெழுகுவத்தி எரிந்தது, பெல்வினுடையதில் தவிர. ஊரின் பழைய தடை அவன் தலைமாட்டில் மட்டும் மிச்சமிருந்தது. ஊருக்குப் புதிதாக வந்த ஃபாதர் லைட்டரை வாங்கித் தானே பற்ற வைத்துப் பார்த்தார்.

"வுடுங்க ஃபாதர்" என்றாள் பிலோமினாள். "டூட்டில இருக்கான்."

பற்றாத மெழுகுவத்தியை நேராக நிமிர்த்தி நட்டுவிட்டு, ஏசுராஜின் கல்லறைக்கு நகர்ந்தாள். அங்கே முதல் குச்சியிலேயே பற்றிக்கொண்டது.