பதினோரு மைனாவும் ஒரு இருமலும்

"நான் குடுத்தது ஒரு மைனாதான்யா. பதினொண்ணு எப்படிய்யா இருமும்?"

"உங்க மைனாவைக் குஞ்சுங்க கூண்டுக்குப் பக்கத்துல மாட்டினேன், அண்ணே. ஒண்ணைக் கேட்டு ஒண்ணு கத்துக்கிச்சு. நான் என்ன பள்ளிக்கூடமா நடத்துறேன், அடக்கி வைக்க?"

தையல்காரரும் பக்கத்துப் பறவைக்கடைக்காரனும் போட்ட சத்தத்தில் தெருவில் யாரும் ஒட்டுக்கேட்க வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் ஜன்னல்கள் திறந்தன.

அது தையல்காரரின் மனைவியுடைய இருமல். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. படுக்கையில் கிடந்தவளோடு சேர்ந்து வீட்டு மைனாவும் இருமத் தொடங்கவே, தாங்காமல் அதைக் கடையில் தள்ளிவிட்டார். மறுநாள் மதியம் அவள் போய்ச் சேர்ந்தாள். தூக்கத்திலேயே நிம்மதியாகப் போனாள் என்று ஊருக்கெல்லாம் சொல்லி அழுதார். வருடம் திரும்புவதற்குள் பித்தான் கடைக்காரியோடு கல்யாணப் பேச்சு முடிந்துவிட்டது. மனுஷன் ஒரு சட்டைக்கு நாலு தடவை பித்தான் வாங்கப் போனால் முடியாமல் என்ன செய்யும்?

இன்று அவள் வீடு பார்க்க வருகிறாள்.

"அவ வர்றா. மூடித் தொலைய்யா."

கடைக்காரன் கூண்டுகள் மேல் துணியை இழுத்துவிட்டான். இருமல் அடங்கியது. தையல்காரர் சிரித்த முகத்தை மாட்டிக்கொண்டு திரும்பினார்.

அப்போது அவர் வீட்டு ஜன்னல் விளிம்பில் ஒரு மைனா வந்து உட்கார்ந்தது. யாரும் வளர்க்காத காட்டு மைனா. இருமியது. பிறகு டம்ளரில் கரண்டி தட்டும் ஓசை: டிங், டிங், டிங். அதற்குப் பின்னால் தையல் மிஷினின் கடகடப்பு. மறுபடி இருமல், அவசரமாக டிங் டிங். மிஷின் நிற்கவில்லை. டிங் நின்றது. மிஷின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

 விற்ற மைனா இதைக் கேட்டதே இல்லை. அந்த மதியம் வீட்டில் அவரும் அவளும்தான். ஜன்னல் மட்டும் திறந்திருந்தது.

துணிக்கு அடியில் ஒரு குரல் தயங்கித் தயங்கிச் சொல்லிப் பார்த்தது: டிங். இன்னொன்று திருத்தியது: டிங், டிங்.

"தூங்கிட்டே போனாங்கன்னுதானே சொன்னீங்க?" வாசலுக்கு வந்துவிட்ட பித்தான் கடைக்காரி மெதுவாகக் கேட்டாள். "அப்ப டம்ளரைத் தட்டிக் கூப்பிட்டது யாரு?"

"காலர் பாதியில இருந்துச்சு," என்றார் தையல்காரர். "முடிச்சிட்டுப் போலாம்னு..."

அவள் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவே இல்லை.

மாதம் முடிவதற்குள் தையல்காரர் அண்ணன் ஊருக்குக் குடிபோனார். அங்கே ஜன்னலைத் திறப்பதில்லையாம். பித்தான் கடைக்காரி பறவைக்கடைக்காரனையே கட்டிக்கொண்டாள், ஒரே ஒரு நிபந்தனையோடு: இனிமேல் கடையில் மீன் மட்டும்தான்.