மாஹிரா வரைந்த வட்டங்கள்

காயத்ரி மேடத்தின் ஆங்கில வகுப்பில் ஒருவரும் மைக்ரோஸ்கோப்புக்குள் பார்த்ததில்லை. இத்தனைக்கும் பார்த்துச் சொல்வதற்குத்தான் அந்த வகுப்பே. உயிர் அறிவியல் படிக்கிற எங்களுக்கென்று தனியாக வைத்த ஆங்கிலம் அது. இரண்டிரண்டு பேராக முதுகோடு முதுகாக உட்கார வேண்டும். ஒருத்தி ஸ்லைடைப் பார்த்து ஆங்கிலத்தில் வர்ணிப்பாள். மற்றவள் காதில் விழுந்ததை மட்டும் வைத்துப் படம் வரைய வேண்டும். பேசியதைப் போனில் பதிவு செய்து மேடத்திடம் கொடுக்க வேண்டும். நாங்களா விடுவோம்? முந்தின நாளே புத்தகத்திலிருக்கும் வர்ணனையை நெட்டுரு போட்டு வந்து கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்போம். படமும் பிசகாமல் வரும், மார்க்கும் வரும், மேடத்துக்கும் சந்தோஷம்.

எனக்கு ஜோடி மாஹிரா. பழவேற்காட்டில் துணிக்கடை வைத்திருக்கிற குடும்பம். நான் பள்ளிப்பட்டு. தமிழ் மீடியம்தான், ஆனால் வாய் மட்டும் ஆறு மீடியம். அவளுக்குக் கை, எனக்கு வாய் என்று சேர்ந்துகொண்டோம்.

அன்றைக்கு ரத்த ஸ்லைடு. எங்கள் விரலில் நாங்களே குத்தி எடுத்தது. என் முன்னால் இருந்தது மாஹிராவுடையது. ஒரு கண்ணை லென்ஸிலும் மறு கண்ணை ஜன்னலுக்கு வெளியே சிப்காட் புகைபோக்கியிலும் வைத்துக்கொண்டு ஒப்பித்தேன். சிவப்பணுக்கள் வட்டமானவை, நடுவில் வெளுத்தவை, இன்னும் என்னென்னவோ. முடித்துவிட்டுத் திரும்பினால் மாஹிராவின் தாள் முழுக்கப் பெரிய பெரிய கறுத்த வட்டங்கள். சின்ன வட்டங்கள் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தன.

"இன்னாடி இது, கத்திரிக்கா கூடையா?"

"நீ சொன்னதத்தான்டி வரஞ்சிக்கினு இருந்தேன்."

நான் சொன்னதா? போனைப் போட்டுக் கேட்டோம். முதல் இரண்டு வாக்கியம் நான் ஒப்பித்ததுதான். பிறகு என் குரல் தணிந்தது. நான் படித்தேயிராத ஆங்கிலம், எங்கேயும் தடுக்காமல் வந்தது. பெரிய அணுக்கள் தெரிகின்றன. கறுத்திருக்கின்றன. நெருக்கியடித்து நிற்கின்றன. சின்ன வட்டங்களுக்கு இடம் குறைகிறது. 'ஆகையால்' என்று அடுத்ததை ஆரம்பித்த குரல் அதோடு நின்றுவிட்டது.

போனை மேடத்திடம் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். மேடம் மட்டும் பதற்றப்படவில்லை. லென்ஸில் கண்ணை வைத்துப் பார்த்தார்.

"ஸ்லைடு நார்மலாத்தானே இருக்கு? இங்கிலீஷுக்கு ஃபுல் மார்க், நர்மதா. கவனிச்சதுக்கு சைபர்."

அடுத்த வாரம் வெங்காயத் தோல். ரத்தமே கிடையாது. போனில் அதே தணிந்த குரல், அதே வாக்கியங்கள், அதே 'ஆகையால்'. மாஹிராவின் தாளில் சின்ன வட்டங்கள் மட்டும் போன தடவையைவிடக் குறைந்திருந்தன.

அதற்கப்புறம்தான் அவளைச் சரியாகப் பார்த்தேன். வளையல் உரசிய இடமெல்லாம் நீலம் பாரித்திருந்தது. லேப் மாடிக்கு ஏறுவதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினாள்.

"ஒரு தபா பிளட் டெஸ்ட் எடுத்துடேன்டி."

"பேஜாரு பண்ணாத. மொட்டத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு போட்றியே. அடுத்த மாசம் நிக்காஹ். ஆஸ்பத்திரிக்குப் போனேன்னு மாப்ள ஊட்டுக்குத் தெரிஞ்சா இன்னா நெனப்பாங்க?"

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. அவளை அறையலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை.

மூன்றாவது வாரம் நான் நெட்டுருப் போடவில்லை. பார்ப்பதை மட்டும் சொல்வது என்று முடிவு செய்தேன். இலை ஸ்லைடு. இது இலை, இது பச்சை, இங்கே வாய் மாதிரி ஒரு துளை என்று என் நொண்டி ஆங்கிலத்தில் சொன்னேன். வேறெதுவும் வந்துவிடக் கூடாதே என்று உதட்டில் விரலை வைத்துத் தொட்டுப் பார்த்துக்கொண்டே பேசினேன். முதுகுக்குப் பின்னால் பென்சில் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு இலைக்கு அவ்வளவு பென்சில் தேவையில்லை. நான் பேச்சை நிறுத்தினேன். பென்சில் நிற்கவில்லை. சற்று நேரம் கழித்துத்தான் நின்றது.

"நர்மதா, இதுல சின்ன வட்டம் ஒண்ணுகூட இல்லடி." அவள் குரலில் உயிரே இல்லை. "நீ இலையப் பத்திதான் சொன்ன. நான் கேட்டுக்கினுதான் இருந்தேன். கை தானா போட்டுடுச்சு."

மறுநாள் காலை மின்சார ரயிலில் சென்னைக்குக் கிளம்பினோம். மீஞ்சூர் வந்ததும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணும் இருக்காது இல்ல?" என்றாள்.

"ஒண்ணும் இருக்காதுடி" என்றேன். அதுவும் நெட்டுருதான்.

ஆஸ்பத்திரியில் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு மதியம் வரை காத்திருந்தோம். உள்ளே கூப்பிட்டபோது பெரிய டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் குனிந்திருந்தார். பக்கத்தில் ஒரு பயிற்சி டாக்டர் குறிப்பெடுக்கத் தயாராக நின்றாள். எங்களை உட்காரச் சொல்லிக் கை காட்டிவிட்டு அவர் ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தார். தணிந்த குரல். பெரிய அணுக்கள் தெரிகின்றன. கறுத்திருக்கின்றன. நெருக்கியடித்து நிற்கின்றன.

மாஹிராவின் நகம் என் உள்ளங்கையில் பதிந்தது. சின்ன வட்டங்களுக்கு இடம் குறைகிறது என்றார். அப்புறம் அந்த 'ஆகையால்' வந்தது. இப்போதாவது அந்த வாக்கியம் முடியட்டும், நல்லபடியாக முடியட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் நிமிர்ந்து மாஹிராவின் முகத்தைப் பார்த்தார். அதோடு நிறுத்திவிட்டார். தமிழுக்கு மாறி, "கூட பெரியவங்க யாராவது வந்திருக்காங்களாம்மா?" என்று கேட்டார்.

போனில் என் குரல் ஏன் எப்போதும் அங்கேயே நின்றது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மாஹிரா என் கையை விட்டாள். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

"இல்ல சார். எனக்கே சொல்லுங்க. அந்த இங்கிலீஷ் எனக்குப் புரியும்."