சாமியாரின் உதடு

அந்தக் கால்பந்து கிளப்பில் கோல்கீப்பருக்குச் சாமியார் என்று பேர். தாடி கிடையாது, பக்தி கிடையாது, கோபத்துக்கு மட்டும் குறைச்சல் கிடையாது. இருந்தாலும் சாமியார்தான். எல்லாம் அவனுடைய உதடு செய்த வேலை.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் உடைமாற்றும் அறையில் எல்லோரும் தோளில் கைபோட்டு வட்டமாக நிற்பார்கள். கேப்டன் பிரார்த்தனை சொல்லுவார். கிளப்பில் நாலு விதமான மதக்காரர்கள் இருந்ததால், யார் மனசும் நோகாமல் ‘எல்லாம் வல்லவரே’ என்று பொதுவாக ஆரம்பித்து, முட்டிகளையும் கணுக்கால்களையும் தனித்தனியாகக் குறிப்பிட்டுக் காப்பாற்றச் சொல்லி முடிப்பார். சுவருக்கு அந்தப்பக்கம் எதிரணியும் அதே நேரத்தில் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கும். மேலே ஒருவர் இருந்து, அவர் நியாயஸ்தராகவும் இருந்தால், எல்லா ஆட்டமும் டிராவில்தான் முடிய வேண்டும் என்பது சாமியாரின் கட்சி. சென்டர் ஃபார்வர்டு கோல் போட்டால் வானத்தைக் காட்டுவான். தவறவிட்டால் புல்லைக் காட்டுவான். கடவுளுக்கு லாபத்தில் மட்டும் பங்கு.

இதையெல்லாம் சாமியார் வெளியே சொன்னதில்லை. சேர்ந்த புதிதில் ஒருநாள் வட்டத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றான். அன்றைக்கு விழுந்த மூன்று கோலுக்கும் அந்த மூடின வாய்தான் காரணம் என்று திரும்பி வரும் பஸ்ஸில் பேச்சு அடிபட்டது. அடுத்த ஆட்டத்திலிருந்து கண்ணை மூடி உதட்டை அசைக்க ஆரம்பித்தான். சும்மா அசைத்தால் பொய் என்று தெரிந்துவிடும். அதனால் பதிமூன்றாம் வாய்ப்பாட்டை எடுத்துக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் அது வராமல் ஒரு வருஷம் முழுக்க வகுப்புக்கு வெளியே நின்றவன் என்பதால், சொல்லும்போது முகத்தில் தானாகவே ஒரு வேதனை வரும். பதினாறு பதிமூணு வரை போனால் கேப்டன் முடித்துவிடுவார். யாராவது காயம்பட்டுப் படுத்திருந்தால் இருபது வரை போகவேண்டியிருக்கும்.

பிறகு ஒரு பெனால்டி. நடுக்கம் தாங்காமல் அதே வாய்ப்பாட்டை அவன் முணுமுணுக்க, டிவி காமிரா அந்த உதட்டைத் திரை முழுக்கக் காட்ட, பந்தும் கையில் வந்து ஒட்டிக்கொள்ள, ஆள் ஒரே ராத்திரியில் சாமியார் ஆகிவிட்டான். மளிகைக்கடைக்காரர் தன் மகளுடைய பரீட்சைக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னார். அவள் பாஸாகியும் தொலைத்தாள்.

வட்டத்தில் ஒன்பது வருஷமாக அவனுக்கு இடப்பக்கம் நின்றவர் மசாஜ் அண்ணன். வீரர்களின் தொடையையும் தோளையும் பிடித்துவிடுவது அவர் வேலை. அவர் கட்டைவிரலை வைத்தால் தசை உண்மையைக் கக்கிவிடும். வலி போய்விட்டது என்று பயிற்சியாளரிடம் கதைவிட்டுவிட்டு எவனாவது வந்து படுத்தால், ஒரே அழுத்து. “நீ போயிடுச்சுங்கற. இது இங்கதான் இருக்கேன்னு சொல்லுது. நான் யார நம்புறது?” என்பார். அவரிடம் பொய் சொல்லித் தப்பித்தவன் அந்தக் கிளப்பில் கிடையாது, ஒருத்தனைத் தவிர.

இந்த சீசன் பாதியில் அவருக்கே வயிற்றில் வலி வந்தது. கணையத்தில் கட்டி. டாக்டர் மாதக் கணக்கை விட்டுவிட்டு வாரக் கணக்கில் பேசினார். பார்த்துவிட்டு வந்த கேப்டன் சாமியாரைத் தனியாகக் கூப்பிட்டார்.

“உன்னத்தான் கேக்குறாரு. சாமியார் வரட்டும், வேற யாரும் வேண்டாம்கிறாரு. வந்து உக்காந்து வேண்டிக்கணுமாம்.”

சாமியார் இரண்டு நாள் போகவில்லை. முதல் நாள் தோள் வலி என்றான். இரண்டாம் நாள் தோளுக்குக்கூடச் சலிப்பாக இருந்தது.

வீட்டில் அவன் மனைவிக்கு விஷயம் தெரியும். அவள் தினமும் காலையில் கண்ணை மூடி நிற்கிறவள். இவன் அந்த நேரத்தில் பேப்பர் படிக்கிறவன். பதினொரு வருஷமாக இரண்டு பேரும் இதற்குச் சண்டை போட்டதில்லை. பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சொன்னாள்:

“போய் ரெண்டு வார்த்த சொல்லிட்டு வாங்க. என்ன தேஞ்சா போகும்?”

“இல்லாத ஆள்கிட்ட என்னத்தச் சொல்றது?”

“கிளப் செயலாளர் பாராட்டு விழாவுல அவர் தங்கமான மனுஷன்னு பத்து நிமிஷம் பேசுனீங்களே, அது மட்டும் என்னவாம்? கேக்குறவருக்கு வேணும். சொல்றவரு நம்பணும்னு எவன் சொன்னான்.”

அது சரியாகத்தான் பட்டது. மறுநாள் மாலை பார்வையாளர் நேரத்துக்குப் போனான்.

ஜன்னலோரக் கட்டில். போர்வை மார்பு வரை ஏறியதில் பாதம் இரண்டும் வெளியே கிடந்தன. எத்தனையோ பேர் காலைப் பிடித்துவிட்ட மனிதரின் காலை அவன் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தான். என்ன பேசுவதென்று தெரியாமல் உட்கார்ந்து அதைப் பிடித்துவிட ஆரம்பித்தான்.

“என்னடா, மாவு பிசையுறியா? கட்டவிரலக் குடுத்து அழுத்து.”

அழுத்தினான்.

“பரவால்ல. பந்து பிடிக்கிறத விட இது நல்லா வருது.” சிரிக்கப் பார்த்தார், பாதியில் வயிறு விடவில்லை. “தம்பி, கிட்ட வா. ஒண்ணு சொல்றேன், யார்ட்டயும் சொல்லாத.”

அவன் நாற்காலியைத் தலைமாட்டுக்கு நகர்த்தினான். அவர் கை நீண்டு, வழக்கம்போல அவன் வலத்தோளில் உட்கார்ந்தது.

“உங்க அண்ணி மூணு வருஷம் படுத்துக் கெடந்தா. நான் கேக்காத கேள்வி இல்ல, வேண்டாத வேண்டுதல் இல்ல. அவ போனப்புறம் முதல் மேட்ச். வட்டத்துல நின்னு கண்ண மூடுறேன். அந்தப் பக்கம் ஆளே இல்ல. காலி வீட்டுக்குள்ள நின்னு கூப்பிடுற மாதிரி இருக்கு. பயந்துபோய்க் கண்ணத் தொறந்துட்டேன். எல்லாரும் மூடியிருக்காங்க. பக்கத்துல நீ. உன் உதடு ஓடிட்டிருக்கு.”

சாமியார் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டான்.

“அப்பாடான்னு இருந்துச்சு. எனக்குத்தான் லைன் கட், இவனுக்கு இருக்குன்னு. அன்னையிலேர்ந்து ஏழு வருஷம் நான் கண்ண மூடுனதே இல்ல. உன் உதட்டத்தான் பார்த்துட்டு நிப்பேன். அதுவே எனக்குப் போதும்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “இப்பப் போதல. ராத்திரில ரொம்ப பயமா இருக்கு. நீ அங்க சொல்லுவியே, அத எனக்குச் சத்தமா ஒரு தடவ சொல்லு.”

“அது மனசுக்குள்ள சொல்றதுண்ணே.”

“நான் போறப்ப கையோட எடுத்துட்டுப் போயிடறேன். இங்க யாருக்கும் தெரியாது.”

சாமியார் தொண்டையைச் செருமினான். மனைவி சொன்னதை நினைத்துக்கொண்டான். “எல்லாம் வல்லவரே, எங்க அண்ணனோட வலியக் கொறச்சு...”

“இது கேப்டனோடது.” அவர் தலையசைத்தார். “உன் உதடு இப்படிப் போகாது. நான் ஏழு வருஷம் பார்த்தவன்டா. வரிக்கு வரி ஒரே எடத்துல ஒட்டிப் பிரியும். ஒரே பேரத் திருப்பித் திருப்பிச் சொல்லிக் கூப்பிடுற மாதிரி. முழுசும் வேண்டாம். அந்தப் பேரு என்ன? அத மட்டும் சொல்லு.”

ஏதாவது ஒரு பேரைச் சொல்லியிருக்கலாம். உலகத்தில் அதற்கா பஞ்சம். அவன் வாயும் திறந்துவிட்டது. ஆனால் அந்தக் கட்டைவிரல் தோளில், எலும்புக்கும் தசைக்கும் நடுவே, எப்போதும் உண்மை கிடைக்கிற இடத்தில் காத்திருந்தது.

“பதிமூணு,” என்றான்.

“என்னது?”

“பதிமூணாம் வாய்ப்பாடுண்ணே.”

பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். தோல் ஒவ்வொன்றாகக் காகிதத்தில் விழுந்தது.

“பெனால்டிக்கு?”

“அதுவும்தான்.”

“எங்க அண்ணி போனப்போ...” என்று ஆரம்பித்தவர், யாருடைய அண்ணி என்று தானே குழம்பி நிறுத்தினார். பிறகு, “சொல்லு,” என்றார்.

“வேண்டாம்ணே.”

“சொல்லுடா. அதத்தான கேட்டுட்டு இருந்திருக்கேன்.”

“ஒரு பதிமூணு பதிமூணு. இரு பதிமூணு இருபத்தாறு.” குரல் தன்னுடையதாகவே இல்லை. ஏழுவரை வந்தான். வட்டத்தில் ஒருநாளும் தடுக்காதது, எட்டில் நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்திலும் எட்டில்தான் நிற்கும். அண்ணன் எடுத்துக்கொடுக்கவில்லை. விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோளிலிருந்து கை எப்போது இறங்கியது என்று சாமியாருக்குத் தெரியவில்லை.

“கால மூடிட்டுப் போ,” என்றார் கடைசியில். “குளுருது.”

அவன் போர்வையை இழுத்துப் பாதத்தை மூடினான். மார்பு வெளியே வந்தது.

வீட்டில் மனைவி கதவைத் திறந்ததும் கேட்டாள். “சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“என்ன சொன்னீங்க?”

“உண்மைய.”

“அத யாரு கேட்டா?” என்றாள்.

வியாழக்கிழமை அண்ணன் போய்விட்டார். கடைசி இரண்டு நாள் யாரையும் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். கேப்டன் போனபோதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாராம். “சாமியார் வந்துட்டுப் போனப்புறம் மனசு அடங்கிடுச்சு மனுஷனுக்கு,” என்று கேப்டன் எல்லோரிடமும் சொன்னார். வீரர்கள் ஒவ்வொருவராக வந்து சாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சென்டர் ஃபார்வர்டு அழுதேவிட்டான்.

சனிக்கிழமை ஆட்டம். கையில் கறுப்புப் பட்டையோடு வட்டம் கூடியது. இடப்பக்கம் புதிதாக வந்த மசாஜ்காரர் நின்றார். தலை நரைத்த மனிதர். கையில் தைல வாசனை, அதே தைலம்.

“இன்னைக்கு நான் சொல்லல,” என்றார் கேப்டன். “அண்ணனுக்காக சாமியார் சொல்லட்டும். சத்தமா வேண்டாம்ப்பா, எப்பவும் சொல்ற மாதிரியே சொல்லு. நாங்க கண்ண மூடிக்கிறோம்.”

எல்லாக் கண்ணும் மூடின. சாமியார் மட்டும் முதல்முறையாக மூடவில்லை. உதட்டையும் அசைக்கப்போவதில்லை என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வந்திருந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். குழாய் எங்கேயோ சொட்டியது. சுவருக்கு அந்தப்பக்கம் எதிரணி தன் முட்டிகளுக்காகக் கேட்டுக்கொண்டிருந்தது.

யாரோ பார்க்கிற மாதிரி இருந்தது. திரும்பினான். புது மசாஜ்காரர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிடிபட்டவரின் பார்வையாக அது இல்லை. பஸ் வருமா என்று தெருமுனையைப் பார்த்து நிற்கிறவரின் பார்வை. அவர் வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று அவனுக்கு ஒன்றும் தெரியாது.

சாமியார் கண்ணை மூடிக்கொண்டான். உதடு ஒட்டியது, பிரிந்தது, மறுபடி ஒட்டியது. ஏழுவரை போனான். எட்டு வரவில்லை. திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தான்.