ஒரே ஃபிரேமில் அப்பாவும் அம்மாவும்

என் தம்பி நிலவன் டைரக்டர் ஆனது போன மாசம். அதுவரை சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாத துரை. காலேஜில் குறும்படம் எடுக்கச் சொன்னதும் கண்ணில் கறுப்புக் கண்ணாடி ஏறிவிட்டது. நான் படித்துவிட்டு வடக்குப்பட்டு வீட்டில் வேலை தேடிக்கொண்டிருப்பவள். அதனால் அவன் போன் கேமராவைப் பிடிப்பது, விளக்கு பிடிப்பது, டீ போடுவது எல்லாம் என் தலையில் விழுந்தது.

கதை என்ன தெரியுமா? புருஷன் பெண்டாட்டிக்கு ஒரு வாய் சோறு ஊட்டுவான். அவ்வளவுதான். கேட்டால் யதார்த்தமாம். நடிக்க அப்பாவும் அம்மாவும்.

அங்கேதான் மாட்டினான். அப்பாவுக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட். அம்மாவுக்கு வேறொரு கம்பெனியில் பகல் ஷிப்ட். அவர் பஸ்ஸை விட்டு இறங்கும்போது இவள் பஸ் ஏறுவாள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு லீவு என்றால் அப்பாவுக்கு ஓவர்டைம். அவள் வீட்டில் இருக்கும் கொஞ்ச நேரமும் அவர் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்குவார்.

"ரெண்டு பேரும் ஒரே ஃபிரேம்ல வரணும் மதி. அது இல்லன்னா படமே இல்ல" என்று என்னிடம் புலம்பினான்.

"ஒரு நாள் லீவு போடேம்மா" என்று கேட்டுப் பார்த்தான்.

"லைன்ல ஆளே இல்ல, சூப்பர்வைசர் கத்துவான். போடா, உன் படத்துக்கு இன்னா இப்போ அவசரம்?" என்றாள் அம்மா.

அப்பாவும் அதையேதான் சொன்னார். பேசிவைத்துக்கொண்டு சொன்னார்கள் என்று சொல்லவும் வழியில்லை. பேச நேரம் ஏது?

ஒரே ஃபிரேமாவது கிடைக்கட்டும் என்று, காலையில் அவர் இறங்கி இவள் ஏறும் நேரத்தில் பஸ் ஸ்டாப்பில் மறைந்து நின்று எடுக்கப் போனோம். குறுக்கே ஒரு கண்டெய்னர் லாரி வந்து நின்றது. அது நகர்ந்தபோது அம்மாவைக் காணோம்.

கடைசியில் இருவரையும் தனித்தனியாக எடுத்தோம். காலையில் அப்பா வெறும் காற்றுக்குச் சோற்றை நீட்டிச் சிரித்தார். சாயங்காலம் அம்மா கேஸ் சிலிண்டரைப் பார்த்து வாயைத் திறந்தாள். தம்பி இரண்டையும் ஒட்டினான்.

காலேஜில் புரொபசர் உருகிவிட்டார். "ஒன்று சேராத ஃபிரேம்கள்! நவீன வாழ்வின் இடைவெளி! எப்படிப்பா தோணுச்சு?"

"ஆரம்பத்துலேர்ந்தே அதான் சார் கான்செப்ட்" என்றான் புளுகன். முதல் பரிசு அவனுக்கு. படம் பார்க்கப் போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு வயிறு எரிந்தது.

வீட்டுக்கு வந்து கோப்பையும் கையுமாக அம்மாவுக்குப் போனில் படத்தைக் காட்டினான். அப்பா சிரிக்கும் இடத்தில் அம்மா நிறுத்தச் சொன்னாள்.

"உங்கப்பாவுக்கு முன்பல்லு எப்போ விழுந்துச்சு?"

"தீபாவளிக்கு முன்னாடியேம்மா" என்றேன்.

அவள் அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "நிலவா, அந்த சோறு ஊட்டற சீனை இன்னொரு தபா எடேன். நான் லீவு போடறேன்."

"படந்தான் முடிஞ்சிபோச்சேம்மா!" என்றான் அந்த மடையன்.

அவன் காலை ஓங்கி மிதித்தேன். "எடுப்பான்மா. அப்பாகிட்டயும் நான் சொல்றேன். போன்ல சார்ஜே இல்லாட்டியும் எடுப்பான்."