நீரில் மிதந்த கல்

ஆடுகளுக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டியில் வெளுத்த கல்லொன்று மிதந்துகொண்டிருந்தது. காய்ந்த ரொட்டித் துண்டு என்றுதான் ஸ்வாவா முதலில் நினைத்தாள். கையில் எடுத்தால் கனமே இல்லை, உடம்பெல்லாம் பொத்தல். விரலால் அழுத்தித் தண்ணீருக்குள் தள்ளிப் பார்த்தாள். மேலே வந்துவிட்டது. அண்ணாந்து மலையைப் பார்த்தாள்.

எரிமலை வாய் திறந்து ஒரு வாரமாகிறது. இதுவரை வந்ததெல்லாம் கறுப்புக் குழம்பு. பள்ளத்தாக்கின் மறுமுனையில் மெல்லப் பரவி, பசால்ட் பாறையாக இறுகிக்கொண்டிருந்தது. தலைநகர் ரேக்யவிக்கிலிருந்து ஜனங்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். இதிலிருந்து நடந்தே தப்பித்துவிடலாம் என்று அக்கம்பக்கத்துப் பண்ணைகளுக்குச் சொன்னதே அவள்தான். அந்தச் சொல்லை நம்பித்தான் காலையில் அவள் கணவன் ஆட்லி மலைச்சரிவில் நின்றுவிட்ட ஆடுகளை ஓட்டிவரப் போயிருந்தான்.

வருஷாவருஷம் பள்ளியில் பசால்ட், இந்த மிதக்கும் நுரைக்கல் இரண்டையும் மேசைமேல் வைத்து அவள் நடத்தும் பாடம் இது. இரண்டும் தீப்பாறைகள்தான், பாறைக்குழம்பு ஆறிப் பிறந்தவைதான். பசால்ட்டின் குழம்பு ஆழத்திலிருந்து இளகி வருவது. அதன் வாயு சுலபமாகப் பிரிந்துவிடும், குழம்பு வழிந்தோடிக் கனத்த கல்லாகும். நுரைக்கல்லின் குழம்போ மலைக்கடியில் காலங்காலமாகத் தேங்கி, சிலிக்கா ஏறிப் பிசினாகிப் போனது. வாயு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். வெடித்துச் சிதறும்போது நுரை நுரையாகவே உறைந்துவிடும். கீழிருந்து ஏறும் புதுச் சூடு அந்தப் பழைய குழம்பை எழுப்பிவிட்டால் என்ன ஆகும் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. மலையே வெடிக்கும் என்று அவளும் சொன்னதில்லை.

அவசர உதவி எண்ணுக்குப் பேசி, ஆட்லி மலைமேல் இருப்பதைச் சொன்னாள். உடனே பாலம் தாண்டிப் போய்விடுங்கள், மலைப்பக்கம் மட்டும் போகாதீர்கள், சாம்பலில் ஹெலிகாப்டர் ஏற முடியாது என்றார்கள். அடுத்து ஆட்லியைக் கூப்பிட்டாள். நல்லவேளை, எடுத்தான்.

“என்ன டீச்சரம்மா, காபி போட்டாச்சா?”

“ஆட்லி, ஆடுகள விட்டுட்டு இப்பவே கீழ வா.”

“இன்னும் கொஞ்சம் மேல நிக்குது. நீதானே சொன்ன, அவசரமில்லன்னு.”

“அது கறுப்புக் கல்லு வந்தவரைக்கும். இப்ப வெள்ளக் கல்லு விழுது. தண்ணியில மிதக்குது.”

அவனுக்குப் பின்னால் ஆடுகள் கத்துவது கேட்டது.

“இங்கயும் விழுது ஸ்வாவா,” என்றான். குரலில் கிண்டல் போயிருந்தது. “ஆலங்கட்டின்னுல்ல நெனச்சேன்.”

இணைப்பு அறுந்துபோயிற்று. திரும்பத் திரும்ப அடித்தும் மணி போகவில்லை.

காரை எடுத்தாள். சாலை பிரியும் இடத்தில் பக்கத்துப் பண்ணைக்காரர்களின் வண்டிகள் பாலத்தை நோக்கி வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒருவர் கண்ணாடியை இறக்கி, கையை ஆட்டி அவளைக் கூப்பிட்டார். அவள் மலைப்பக்கம் திருப்பினாள்.

கொஞ்ச தூரத்திலேயே பகல் மங்கிவிட்டது. கூரையில் கற்கள் அரிசி கொட்டுவதுபோல் விழுந்துகொண்டிருந்தன. வழி தெரியாமல் நிறுத்தினாள். சாம்பலுக்குள்ளிருந்து ஆடுகள் வந்தன. முதுகுக் கம்பளியில் வெள்ளைப் பொடி அப்பியிருக்க, காரின் இருபுறமும் உரசிக்கொண்டு கடந்துபோயின. பின்னால் அவற்றை ஓட்டிவருகிற யாரும் தெரியவில்லை.

ஸ்வாவா ஹாரனை அழுத்தினாள். கையை எடுத்துவிட்டுக் காது கொடுத்தாள். மறுபடி அழுத்தினாள்.