கழுத்துக்குள் இருந்த தங்கம்

காலைக் கஞ்சியின்போது பியோங்ஷிக்கின் வலது கை தொங்கிவிட்டது, வாயும் கோணிவிட்டது. மனைவி ஓக்பூன் அவரைக் கொரியாவின் ஜியோஞ்சு நகரில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் கொண்டுவந்து சேர்த்தாள்.

"பக்கவாதமா, வலிப்பு வந்து ஓய்ஞ்சதான்னு எம்.ஆர்.ஐ. எடுத்தாத்தான் தெரியும். பக்கவாதம்னா இன்னும் ஒரு மணி நேரத்துக்குள்ள ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசி போடணும். இல்லைன்னா அந்த ஊசியே வினை" என்றார் டாக்டர். "உடம்புல உலோகம் இருக்காம்மா?"

"இல்லீங்க."

எக்ஸ்ரேயில் பார்த்தால், கழுத்து முழுக்கச் சேமியாவைக் கொட்டியதுபோல் இருநூறு துண்டுக் கம்பிகள்.

"இது என்னம்மா?"

"தங்க ஊசிங்க. கழுத்து வலிக்கு வைத்தியர் குத்தி, உள்ளேயே விட்டுட்டார். அது மருந்துதானே, உலோகமா என்ன?"

டாக்டர் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார். "எம்.ஆர்.ஐ. மெஷின் பெரிய காந்தம்மா. நல்ல தங்கம்னா அது இழுக்காது, வேற உலோகம்னா இழுக்கும், சுடும். நல்ல தங்கம்தானே?"

பத்து வருடமாகத் தெருவெல்லாம் 'அசல் தங்கம்' என்று பெருமை அளந்தவள் அவள்தான். பொதுக் குளியலகத்து மாடியில் அந்த வைத்தியர் பேரமே பேசாமல் பாதி விலைக்கு ஒப்புக்கொண்டதும் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"தெரியலீங்க" என்றாள். "மலிவா குத்தினது."

"நெ...னைச்சேன்" என்றார் பியோங்ஷிக், கோணல் வாயால்.

கழுத்தில் சுட்டால் அமுக்கச் சொல்லி இடது கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அவரை உள்ளே தள்ளினார்கள். ஓக்பூன் கண்ணாடி வழியாக அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசையவில்லை. திரையில், மூளையின் இடப்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு தெரிந்தது.

"தங்கம் அசல்தான் போலிருக்கும்மா" என்றார் டாக்டர். "பக்கவாதமும் அசல். ஊசி போடணும், கையெழுத்துப் போடுங்க."