விட்பிப் பிராந்தியத்தின் ஒரே ஆசனம்

கோணேஸ்வரன் பதினான்கு வருடம் தொண்டை கிழியக் கத்தித்தான் புலம்பெயர்ந்தோரின் திருகோணமலை ஊர்ச்சங்கத்தில் அதிகாரப் பகிர்வைக் கொண்டுவந்தார். நாற்பது குடும்பம் இருக்கிறதென்று பிறம்ரன் நகரமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதா? இனி பிறம்ரன், ரெக்ஸ்டேல், விட்பி என்ற மூன்று பிராந்தியங்களுக்கும் ஒவ்வொரு ஆசனம், ஒவ்வொரு வாக்கு. போட்டியில்லாமல் எவரும் தெரிவாகக் கூடாது. வாக்கெடுப்பு இரகசியமாக நடக்கவேண்டும். எல்லா விதியும் அவர் கைப்பட எழுதியது.

விட்பியில் அங்கத்தவர் மூன்று பேர்: அவர், மனைவி இராசமணி, பல்கலைக்கழகம் போகும் மகள் லக்ஷிகா. போட்டிக்கு ஆள் வேண்டுமே என்று மனைவியின் பெயரையும் அவரே எழுதிப் போட்டார்.

வீட்டுக் குசினி மேசையில் ஐஸ்கிரீம் வாளி வாக்குப்பெட்டியாயிற்று. எண்ணுவதற்கு ரெக்ஸ்டேலில் இருந்து யசிந்தன் வந்திருந்தான்.

"கோணேஸ்வரன் ஒண்டு. இராசமணி ரெண்டு." அவன் வாளியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தான். "அண்ணை, திருப்பி எண்ணட்டோ?"

"மூண்டு துண்டை எத்தினை தரம் எண்ணுவாய்?" என்றார் கோணேஸ்வரன்.

பிறகு மகளைப் பார்த்தார்.

"சீக்ரெட் பலட், அப்பா," என்றாள் லக்ஷிகா.

வெளியில் தோற்றிருந்தால் தாங்கியிருப்பார். சொந்தக் குசினியில் தோற்றது நெஞ்சைச் சுட்டது.

அடுத்த ஞாயிறு இராசமணியைக் காரில் ஏற்றிக்கொண்டு கூட்டத்துக்குப் போனார். அன்றைக்கு ஒரே பிரேரணை, பிறம்ரன் பிரதிநிதி குஞ்சித்தம்பி கொண்டுவந்தது: வாராவாரம் ஞாயிறில் கூடுவதை மாதம் ஒருமுறையாக்குவது. கோணேஸ்வரனுக்கு அந்த ஞாயிறுகள்தான் உயிர். கிழமை முழுக்க வெயர்ஹவுஸ் வேலையில் மற்றவர் சொல்வதைக் கேட்கிற மனிதர். அவர் சொல்வதை நாலு பேர் கேட்பது அன்றைக்கு மட்டுந்தான்.

"எதிர்ப்பெண்டு கேக்கேக்க கையைத் தூக்கினால் காணும், இராசு," என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். இராசமணி கார்க் கண்ணாடியில் பார்த்துப் பொட்டைச் சரிசெய்தாள்.

பிறம்ரன் ஆதரித்தது. ரெக்ஸ்டேல் எதிர்த்தது. மிஞ்சியது விட்பி. பின்வரிசையில் இருந்த கோணேஸ்வரனின் கை தன்பாட்டில் மேலே போயிற்று.

"அண்ணை, பார்வையாளருக்கு வாக்கில்லை. உங்கட விதிதான்," என்றார் குஞ்சித்தம்பி.

கை இறங்கியது. இராசமணி எழுந்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் கோணேஸ்வரனை மட்டும் பார்த்தாள்.

"ஆதரிக்கிறன். பதினாலு வருசமா ஞாயிறெண்டால் உந்த மனுசன் வீட்டில இல்லை. மிச்ச ஞாயிறெல்லாம் விட்பிக்கு வேணும்."

பிரேரணை நிறைவேறியது. பார்வையாளர் பேசக்கூடாது என்பதும் கோணேஸ்வரன் எழுதிய விதிதான்.